சித்தப்பாவின் ரத்தமும் ஷட்டர் பலகையும்

சித்தப்பாவுக்கு ஆற்றில் குளித்து ஏறினால் உடம்பெல்லாம் அரிக்கும். கல்லணை திறந்து வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் வந்த நேரம், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களும் நம்பிவிட்டோம், வீட்டு போர் தண்ணீரில் குளித்தும் அரிப்பு நிற்காதபோதுதான் தஞ்சாவூரில் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். சிவப்பணு ஏகத்துக்கும் கூடியிருந்தது. பாலிசைத்தீமியா வேரா என்ற ரத்த நோய். மரபணுச் சோதனையில் ஜேக்2 மாற்றம் இருந்தது.

ஜேக்2 ஒரு கைனேஸ், அதாவது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி செல்லுக்குள் சேதி கடத்தும் நொதி. அதில் ஒரே சாயலில் இரண்டு பகுதிகள் உண்டு, ரோமானியர்களின் இருமுகக் கடவுளான ஜேனஸின் பெயரை வைத்தது அதனால்தான். ஒரு பகுதி வேலை செய்யும். இன்னொன்றால் அந்த வேலை கிட்டத்தட்ட முடியாது, அதனால் போலி கைனேஸ் என்று பெயர். எனக்கு இந்தப் பெயரே பிடிக்கவில்லை, ஏனென்றால் பக்கத்துப் பகுதியை அடக்கி வைப்பதே இதுதான். சிறுநீரகத்திலிருந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் வந்து வெளியே ஏற்பியில் அமர்ந்தால் பிடி தளரும், சிவப்பணு உருவாகும். இந்தப் பகுதியின் 617-ஆம் இடத்தில் வாலைன் என்ற அமினோ அமிலம் போய் ஃபினைல்அலனைன் என்ற இன்னொன்று வந்துவிட்டால் பிடி நழுவிவிடுகிறது, ஹார்மோன் இல்லாமலே மஜ்ஜை அணுக்களைப் பெருக்குகிறது. 2005-ல் கண்டுபிடித்தார்கள். இந்த நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 95 பேரிடம் இந்த மாற்றம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் வருமா என்று சித்தி பயந்தார். மஜ்ஜைச் செல் ஒன்றில் இடையில் நேர்ந்தது இது, பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை.

2002-ல் மனித கைனேஸ்கள் 518 என்று எண்ணியபோதே சுமார் 50 இப்படிச் செயலற்றவை என்று கணித்தார்கள். ஹெர்3 அதில் ஒன்று. வெளியிலிருந்து வரும் சேதியை அது வாங்கும், ஆனால் சொந்தமாகப் பெரிதாக எதுவும் செய்யாது, அதன் ஜோடி ஹெர்2-வுக்கோ நேராகச் சேதி சொல்ல வெளியே யாருமில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் சில புற்றுநோய்களில் அவ்வளவு வேகம். 2022-ல் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டியூக்ராவாசிடினிப், டிக்2 என்ற நொதியின் போலிப் பகுதியில்தான் போய் ஒட்டுகிறது. ஒதுக்கி வைத்த இடத்தில் மருந்து கிடைத்திருக்கிறது!

சித்தப்பாவிடம் வாய்க்கால் ஷட்டரை வைத்துச் சொன்னேன். பலகை தண்ணீர் கொண்டுவருவதில்லை, ஆனால் அது இறங்காமல் சிக்கிக்கொண்டால் முறை இல்லாத நாளிலும் வயலில் தண்ணீர் ஏறும் இல்லையா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“சரி, அப்ப ரத்தம் எடுக்கிறாங்களே, அது வடிகாலா?”

ஆமாம் சித்தப்பா. ஹிமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 45 சதவீதத்துக்குக் கீழே நிற்கும்வரை எடுப்பார்கள், தினம் ஒரு சின்ன ஆஸ்பிரினும் உண்டு. அடுத்த முறை வரும் வியாழன், நான்தான் கூட்டிப்போகிறேன்.