குடல் கட்டியில் ரத்த ஓட்டத்தை அளப்பதா, மில்லிமீட்டரை அளப்பதா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்வதற்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேனிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். நோய் ஏற்கெனவே பரவிவிட்டதா? இனிமேல் பரவுமா? முதல் கேள்விக்கு ஓரளவு நம்பகமான பதில் கிடைக்கும். இரண்டாவதில்தான் தகராறு.

அதற்காகவே முயன்று பார்க்கப்பட்டது, திசுவுக்குள் பாயும் ரத்தத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் சி.டி. ரத்த ஓட்டம் குறைந்த கட்டிக்குள் ஆக்சிஜன் பஞ்சம் இருக்கும், அந்தச் சூழலில் தாக்குப்பிடிக்கும் செல்களுக்குப் பரவும் குணமும் கூடும் என்பது கணக்கு. ஆகவே ரத்த ஓட்டத்தையே அளந்துவிடலாம் என்று இறங்கினார்கள்.

செய்முறை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். குடல் அசையாமலிருக்க முதலில் ஹையோசின் ஊசி, வழக்கமாக 20 மி.கி. ரத்தத்தைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து 50 மி.லி. போதும், ஆனால் நொடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் பாய வேண்டும். அதற்கு முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் அளவுள்ள தடித்த வென்ஃப்ளான் (சிரையில் மாட்டும் குழாய் ஊசி) தேவை. புறங்கையில் மெல்லிய ஊசியோடு ஆளை அனுப்பினால் வேகம் வராது; அழுத்தினால் மருந்து தோலுக்கடியில் கசிந்து கை வீங்கும். பிறகு கட்டி இருக்கும் இடத்தையே சில நொடிகளுக்கு ஒருமுறை, சுமார் ஒரு நிமிடத்துக்குத் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். 100 கிராம் திசுவுக்குள் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தம் போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

அந்த எண்ணைக் கெடுக்கப் பல வழிகள் உண்டு. ஒரு பெருமூச்சு போதும், கட்டி இருந்த இடத்தில் அடுத்த படத்தில் கொழுப்பு நிற்கும். கட்டியைச் சுற்றிக் கோடு வரையும்போது குடலுக்குள் இருக்கும் காற்று கொஞ்சம் சேர்ந்தாலும் கணக்கு தப்பும். செயற்கை இடுப்பு மூட்டு இருந்தால் மலக்குடல் பகுதி முழுக்கக் கோடுகோடாகத் தெரியும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், ஒரே ஸ்கேனை வேறு சாஃப்ட்வேரில் போட்டால் வேறு எண் வருகிறது. எனக்கு இதன்மேல் நம்பிக்கை குறைந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

பிரிட்டனில் நடந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. கணக்கில் வந்த 326 பேரில் 81 பேருக்குப் பின்னர் நோய் திரும்பியது. அது யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வதில், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும் வழக்கமான நிலைக் கணிப்பைவிடப் பெர்ஃப்யூஷன் எண்கள் கூடுதலாக எதுவும் தரவில்லை.

அதனால் சாதாரண சி.டி.யையே ஒழுங்காக எடுப்பதும் படிப்பதும்தான் லாபம். கான்ட்ராஸ்ட் ஏற்றிச் சுமார் 70 நொடி கழித்து, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை நிறைந்திருக்கும்போது, 1 மி.மீ. அளவு மெல்லிய துண்டுகளாகப் படம் வேண்டும். குடல் ரத்தம் அந்த வழியாகத்தான் வடிகிறது. அதனால்தான் நோய் பெரும்பாலும் முதலில் கல்லீரலில் தலைகாட்டுகிறது. குடல் வளையும் இடத்தில் 5 மி.மீ. தடித்த துண்டை மட்டும் பார்த்தால், சாய்வாக வெட்டுப்பட்ட சுவர் தடித்துத் தெரியும். படத்தைத் திருப்பிக் குடலுக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது, தசைச் சுவரைத் தாண்டிக் கட்டி எத்தனை மி.மீ. வெளியே நீண்டிருக்கிறது என்பது. 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல். 1,053 பேரை வைத்து நடந்த ஃபாக்ஸ்ட்ராட் ஆய்வில் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததே சி.டி. பார்த்துத்தான். ஆபரேஷனுக்கு முன் 6 வாரம் கீமோ கொடுத்ததில், 2 ஆண்டுக்குள் நோய் மிஞ்சியதோ திரும்பியதோ 21.5 சதவீதத்திலிருந்து 16.9 ஆகக் குறைந்தது. பயாப்ஸியில் எம்.எம்.ஆர். குறைபாடு (டி.என்.ஏ. நகலெடுப்புப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு பழுதாவது) தெரிந்த கட்டிகளில் மட்டும் அந்தக் கீமோ பெரிதாக எடுபடவில்லை. கட்டியைச் சுற்றிய வெறும் அழற்சியும் படத்தில் புற்றுநோய் நீண்டதுபோலவே தெரியும் என்பதால், அளவு சில நேரம் மிகைப்படும்.

நிணநீர்க் கணுக்களின் அளவை அதிகம் நம்ப வேண்டாம். சின்னக் கணுவில் நோய் இருக்கும், பெரிய கணு வெறும் வீக்கமாக இருக்கும். கட்டியிலிருந்து கிளம்பும் சிரை ஒன்று ஒழுங்கற்றுத் தடித்து, கட்டியின் அடர்த்தியிலேயே தெரிந்தால், கட்டி சிரைக்குள் புகுந்திருக்கலாம் என்பதால், அதைத்தான் நான் முதலில் குறித்துவைப்பேன். வயிற்றின் உள்ளுறையில் சிதறிய 5 மி.மீ.க்கும் சிறிய பருக்கள் பெரும்பாலும் எந்த சி.டி.யிலும் படாது; வயிற்றுக்குள் விடும் கேமராக் குழாயான லேப்ராஸ்கோப் உள்ளே போன பிறகுதான் கண்ணில் படும்.