செருப்பைக் கழற்ற வேண்டாம்: இஸுமோ தைஷா போகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் சாமி கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு ஜப்பானியக் கோயில் பாதி பழகிய இடம்தான். அந்தப் பழகிய பாதியில்தான் தவறும் நடக்கும்.

ஜப்பானின் சொந்தச் சமயமான ஷிந்தோவின் கோயில் ‘ஜின்ஜா’, பௌத்தக் கோயில் ‘தேரா’. ஊதுபத்தி ஏற்றுவது தேராவில். ஜின்ஜாவில் சூடமும் கிடையாது, தேங்காய் உடைப்பதும் கிடையாது. வீட்டிலிருந்து பூசைச் சாமான் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இஸுமோ தைஷா ஒரு ஜின்ஜா, ஜப்பானின் ஷிமானே மாநிலத்தில் இருக்கிறது. சில்லு பதித்த மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள் வரை விசா வேண்டாம். ஒசாகாவில் இறங்கினால் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒகயாமா, அங்கிருந்து ‘யாகுமோ’ ரயிலில் சுமார் 3 மணி நேரத்தில் இஸுமோஷி. கடைசித் துண்டுக்குப் பேருந்து அல்லது இச்சிபாதா தனியார் ரயில். ஜேஆர் ரயில்களுக்கான பயணச் சீட்டான ஜேஆர் பாஸ் இச்சிபாதா ரயிலில் செல்லாது, தனியாகக் காசு கொடுக்க வேண்டும். குடையும் வேண்டும். ‘சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு.

தோரி எனும் நிலைவாசலில் ஒருமுறை தலை குனிந்துவிட்டு ஓரமாக நடக்க வேண்டும். நடுப்பாதை சாமிக்கு உரியது. சந்நிதிக்கு நேரே நின்று மறைக்காதே என்று நம் பெரியவர்கள் அதட்டுவார்களே, அதே கணக்கு. இஸுமோவின் பைன் மரப் பாதையில் நடுப்பகுதியை அடைத்தே வைத்திருக்கிறார்கள். மர வேர்கள் மிதிபடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

கை கழுவும் தொட்டியில்தான் பலர் தடுமாறுவார்கள். அகப்பையில் ஒரே முறை நிறைய மொள்ளுங்கள், எல்லாவற்றுக்கும் அதே தண்ணீர்தான். வலக்கையால் பிடித்து இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மறுபடி வலக்கையில் பிடித்து, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். திரும்ப இடக்கை. மிச்சத் தண்ணீர் வழிந்து பிடியைக் கழுவும்படி அகப்பையை நிமிர்த்திவிட்டு வையுங்கள். முதல் கைக்கே பாதியைக் கொட்டிவிட்டால் கடைசியில் பிடிக்குத் தண்ணீர் இருக்காது. அகப்பையில் வாய் வைக்கக் கூடாது, தொட்டிக்குள் துப்பவும் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். அங்கே குழாயில் விழும் தண்ணீரில் கழுவினால் போதும்.

காணிக்கைப் பெட்டியில் நாணயத்தை மெதுவாகப் போடுங்கள். 5 யென் ராசியானது என்பார்கள். ‘கோ-என்’ என்றால் 5 யென், அதே ஒலிக்கு உறவுக் கொடுப்பினை என்றும் பொருள். பொதுவாக மற்றக் கோயில்களில் இரண்டு வணக்கம், இரண்டு கைத்தட்டு, ஒரு வணக்கம். இஸுமோவில் நான்கு கைத்தட்டு. வேண்டுதலைத் தட்டி முடித்த பிறகு, கூப்பிய கையோடு மனதுக்குள் சொல்லிவிட்டுக் கடைசி வணக்கம். இங்கே பெரும்பாலும் கேட்பது கல்யாண வரம்.

மூலக்கோயில் 1744-இல் கட்டியது, 24 மீட்டர் உயரம். உள்ளே போக முடியாது, வேலிக்கு வெளியிலிருந்துதான் கும்பிட வேண்டும். சாமி உள்ளே மேற்கு நோக்கி இருப்பதால், முன்பக்கம் கும்பிட்டுவிட்டு மேற்குப் பக்கம் போய் இன்னொரு முறை கும்பிடுவார்கள். அதற்கென்றே அங்கே இடம் உண்டு. சாமி பெயர் ஓகுனிநுஷி. மகாகாளர் ஜப்பான் போய் ‘தைகோகு’ ஆகி, பெயர் ஒற்றுமையால் இவரோடு கலந்துவிட்டார். ஆக, முற்றிலும் அந்நியர் இல்லை.

படங்களில் வரும் பெரிய வைக்கோல் கயிறு மூலக்கோயிலில் இல்லை, பக்கத்து ககுராதென் மண்டபத்தில் தொங்குகிறது. 13 மீட்டருக்கு மேல் நீளம், சுமார் 5 டன். முன்பு அதில் சொருகி நிற்கும்படி நாணயம் எறிவார்கள். கயிறு கெடுகிறது, எறியாதீர்கள்.

செருப்பு? மண்டபத்துக்குள் ஏறினால் மட்டும் கழற்றுங்கள், முற்றத்தில் வேண்டாம். ஆனால் தீட்டு அங்கேயும் உண்டு. வீட்டில் இறப்பு நடந்தால் 50 நாள் ஜின்ஜாவுக்குப் போகாமல் இருப்பது வழக்கம்.

சைவக்காரர்கள் பசியாறும்போது கவனம். ‘இஸுமோ சோபா’ எனும் நூடுல்ஸை மூன்றடுக்கு வட்டக் கிண்ணங்களில் தருவார்கள், சாற்றை மேலே ஊற்றிச் சாப்பிட வேண்டும். இறைச்சி கண்ணில் படாது, ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. ‘இறைச்சி இல்லாமல்’ என்று கேட்டால் மீன் சாறோடுதான் வரும். மீனும் கூடாது என்று எழுதியே காட்டுங்கள்.