செய்தி வாசிப்பாளர் தேர்வுக்குப் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

ராயபுரம், வியாசர்பாடி, எர்ணாவூர் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்க்ரீன் டெஸ்ட் என்றதும் முகத்தையும் நிறத்தையும் நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது நாக்கையும் கண்ணையும். இரண்டுமே பழக்கத்தில் வருபவை.

நம் வீடுகளில் வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிவிடும். அதைத் திருத்துகிறேன் என்று அழுத்திச் சொன்னால் ‘வாளைப்பளம்’ வந்து நிற்கும். லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல் அடியைத் தொடும். ளகரத்துக்குப் பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் அதே வளைவுதான், ஆனால் நுனி அண்ணத்தில் ஒட்டக் கூடாது. வலி, வளி, வழி. தலை, தளை, தழை என்று தினம் இருபது நிமிடம் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் காலையில் கேளுங்கள். சொன்ன கையோடு கேட்டால் சொந்தத் தப்பு காதில் விழாது. இதற்காக ஊர்ப் பேச்சை விட்டுவிட வேண்டாம். காசிமேட்டில் மைக்கோடு நிற்கும் நாளில் மக்கள் வாய் திறப்பது அந்தப் பேச்சுக்குத்தான்.

எண்களில் தடுக்கி விழுகிறவர்கள் நிறைய. 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். 1,27,450 என்று இருந்தால் ‘ஒரு லட்சத்து இருபத்தேழாயிரத்து நானூற்று ஐம்பது’ என்று தாளின் ஓரத்தில் எழுத்தாலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘எண்ணூரில் எண்ணூறு குடும்பங்கள்’ என்ற ஒரு வரியைத் தடுமாறாமல் பத்து முறை சொல்லிப் பாருங்கள், ரகர றகரம் எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும்.

மூச்சு விடும் இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ‘காசிமேட்டில் இருந்து கடலுக்குச் சென்று / கரை திரும்பாத மீனவர்கள் ஏழு பேரை / தேடும் பணி தீவிரமடைந்துள்ளது.’ இதில் ‘திரும்பாத’ என்ற இடத்தில் மூச்சு வாங்கினால் யார் திரும்பவில்லை என்று கேட்பவர் ஒரு நொடி தவிப்பார். பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்கவே கூடாது.

கேமராவுக்கு முன்னால் செய்தி வரிகளை ஓடவிடும் திரைதான் ப்ராம்ப்டர். அதைப் படிக்கும்போது கண் இடமும் வலமும் ஓடுவது கேமராவில் அப்படியே தெரியும். வீட்டில் ப்ராம்ப்டர் ஆப் போட்டு, வரிக்கு இரண்டு மூன்று சொல் வருகிற மாதிரி குறுக்கி, கண் உயரத்தில் ஐந்தாறு அடி தள்ளி வைத்துப் பழகுங்கள். வரியைத் துரத்த வேண்டாம், ஸ்டூடியோவில் ப்ராம்ப்டரை ஓட்டுபவர் உங்கள் வேகத்துக்குத்தான் நகர்த்துவார். கையில் இருக்கும் தாளையும் செய்திக்குச் செய்தி புரட்டிக்கொண்டே வர வேண்டும். ப்ராம்ப்டர் நின்றுபோனால் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். அந்த நேரத்தில் பக்கம் தேடினால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

இயர்பீஸுக்கும் பயிற்சி உண்டு. ஒரு காதில் வானொலிச் செய்தி ஓட, நாளிதழைச் சத்தமாகப் பத்து நிமிடம் வாசியுங்கள். நேரலையில் நீங்கள் பேசும்போதே பி.சி.ஆரில் (நிகழ்ச்சியை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில்) இருந்து ‘பத்து செகண்ட்’ என்று காதில் எண்ண ஆரம்பிப்பார்கள்.

உடையில் பச்சை வேண்டாம், கிரீன் மேட்டில், அதாவது பின்னணிப் படம் சேர்க்க முதுகுக்குப் பின்னால் வைக்கும் பச்சைத் திரையில், உடம்பு மறைந்துபோகும். பொடிக் கோடும் பொடிக் கட்டமும் திரையில் அலை அலையாக நெளியும்.

வானொலியின் பகுதிநேர வாசிப்பாளர் தேர்வில் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள் என்பதால் தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதுங்கள். நேர்காணலில் ‘உங்கள் பகுதிச் செய்தி ஒன்று சொல்லுங்கள்’ என்றால் விழிக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை ஆகியவை உங்கள் வாசலில் நடப்பவை. யாரும் உங்களைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

வேலை கிடைத்தால் காலை 6 மணி செய்திக்கு நாலரைக்கே மேக்கப் அறையில் இருக்க வேண்டியிருக்கும். மெட்ரோவின் முதல் ரயில் 5 மணிக்குத்தான். திருவொற்றியூரில் இருந்து வருபவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், அந்த ஷிஃப்டுக்கு வண்டி அனுப்புவார்களா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.