ஒரே பென்டிரைவில் நாலு ஓஎஸ்: படுத்தி எடுத்தது எது?

விண்டோஸ் 7 32-பிட், விண்டோஸ் 10, 11, லினக்ஸ் மின்ட் நாலையும் ஒரே பென்டிரைவில் ஏற்றி ஒருவழியாக முடித்துவிட்டேன். பல ஓஎஸ்களை ஒரே பென்டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் வென்டாய் (Ventoy) மென்பொருள் வந்தபிறகு இதில் வித்தை எதுவும் இல்லை. அதைப் பென்டிரைவில் போட்டு, ஓஎஸ் இன்ஸ்டால் செய்வதற்கான ஐஎஸ்ஓ கோப்புகளை அப்படியே காப்பி செய்தால் பூட் மெனுவில் வரிசையாக நிற்கும். வென்டாய் உண்டாக்கும் பெரிய பார்ட்டிஷன் எக்ஸ்ஃபேட் வடிவில் இருப்பதால், ஃபேட்32-இல் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பை வைக்க முடியாத தொல்லையும் கிடையாது.

என்னைப் படுத்தி எடுத்தது பென்டிரைவ். 64 ஜிபி என்று கடையில் வாங்கியது. 7, 10, மின்ட் மூன்றும் அருமையாக இன்ஸ்டால் ஆயின. கடைசியாகக் காப்பி செய்த 11 மட்டும் பாதியில் நின்று, தேவையான கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது காணவில்லை என்றது. பிழை எண் 70570 என்று முடிந்தது. ராத்திரி முழுக்க ஐஎஸ்ஓவை மறுபடி டவுன்லோட் செய்தேன். அதே இடம், அதே பிழை. ரேமை மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

அப்புறம், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் ஷா256 எண்ணை எடுத்துப் பார்த்தேன். ஹார்டு டிஸ்கில் இருந்த ஐஎஸ்ஓவுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கும் அதே எண் வந்தது; பென்டிரைவில் இருந்த காப்பிக்கு வேறு எண்! உடனே பென்டிரைவின் உண்மைக் கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூவை (H2testw) ஓடவிட்டேன். 14 ஜிபி சொச்சம் ஓகே, மீதி எல்லாம் 'டேட்டா லாஸ்ட்'. இந்தப் போலி பென்டிரைவ்கள் கொள்ளளவைக் கூட்டிக் காட்டும். உள்ளே இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவதுபோலவே பாவனை செய்யும். முதலில் போட்டவை பிழைத்ததும் கடைசியில் போட்டது செத்ததும் இதனால்தான்.

கடைக்காரர் முதலில், "அது விண்டோஸ் கோளாறு சார்" என்றார். லேப்டாப்பைத் திறந்து டெஸ்ட் முடிவைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் வேறு கொடுத்தார். பில் இல்லாமல் பென்டிரைவ் வாங்காதீர்கள். வாங்கியதும் வென்டாய் போடுவதற்கு முன்பே முழுதாக டெஸ்ட் செய்துவிடுங்கள். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். விண்டோஸ் 7 32-பிட், புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐ-யில் பூட் ஆகாது, பயாஸில் பழைய முறையான லெகஸிக்கு மாற்ற வேண்டும். அங்கீகாரம் இல்லாத மென்பொருளைப் பூட் ஆக விடாத செக்யூர் பூட் ஆனில் இருந்தால் வென்டாய் முதல்முறை 'வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' என்று நீலத்திரை காட்டும். பயப்பட வேண்டாம். 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' போய், பென்டிரைவில் வென்டாய் உண்டாக்கிய விடாய்இஎஃப்ஐ (VTOYEFI) பார்ட்டிஷனில் இருக்கும் சான்றிதழைத் தேர்ந்தெடுத்து ரீபூட் செய்தால் சரியாகிவிடும். ஒவ்வொரு மெஷினிலும் ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும்.