எண் வந்த பிறகு

பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட் பட்டியலை எந்த வருடம் எடுத்துப் பார்த்தாலும் அதில் ஆர்எஃப்ஐடி, அதாவது அட்டையை ரேடியோ அலையால் தொடாமலே படிக்கும் முறை, இருக்கும். வருகைப் பதிவு, நூலகம், ரேஷன் கடை, விடுதிக் கதவு என்று தலைப்பு மட்டும் மாறும். பெட்டியைத் திறந்தால் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு ஒன்று, அட்டையைப் படிக்கும் நீல நிற ஆர்சி522 ரீடர் போர்டு, ஒரு எல்சிடி, ஒரு பஸ்ஸர். லேப் பொறுப்பில் இருப்பதால் இந்த நீல போர்டோடு மல்லுக்கட்டுவது என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

ஆர்டுயினோ அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் அட்டையின் எண் தெரிந்தவுடன் பிள்ளைகள் "வந்துருச்சு சார்!" என்று ஓடிவருவார்கள். அவர்கள் கணக்கில் புராஜெக்ட் அத்தோடு முடிந்தது. என் கணக்கில் அப்போதுதான் தொடங்குகிறது. அந்த எண்ணை வரவழைக்கப் படும் பாட்டையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஆர்சி522 போர்டோடு ஒரு வெள்ளை அட்டை, ஒரு நீலச் சாவிக்கொத்து டேக், தனியாக இரண்டு பின் வரிசைகள் வரும். ஒன்று நேரானது, மற்றொன்று வளைந்தது. அந்தப் பின்களை போர்டில் சால்டர் செய்ய வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. துளையில் செருகிவிட்டு பிரெட்போர்டில் குத்திவிடுவார்கள். விரலால் அழுத்திப் பிடித்தால் அட்டையைப் படிக்கும், விரலை எடுத்தால் படிக்காது. சால்டர் செய்து கொண்டுவருபவர்களிலும் பலர் பின்னை மட்டும் சூடாக்கி ஈயத்தை அதன் தலையில் உருண்டையாக உட்கார வைத்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும். மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால், உருண்டைக்கும் போர்டின் செப்பு வளையத்துக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடுதான் அவர்கள் ராத்திரி முழுக்க நிரலில் தேடிய பிழை.

ஆகவே எந்தக் குழு வந்தாலும் நான் நிரலைப் பார்ப்பதில்லை. ஆர்சி522-க்கான ஆயத்த நிரல் தொகுப்பான லைப்ரரியோடு வரும் டம்ப்இன்ஃபோ என்ற எடுத்துக்காட்டை ஏற்றி, முதல் வரியில் சிப்பின் பதிப்பு என்னவென்று பார்க்கச் சொல்வேன். ஹெக்ஸ் எண்முறையில் 91 அல்லது 92 என்று வந்தால் சிப் பேசுகிறது. 88 என்று வந்தால் அது நகல் சிப், ஆனாலும் பெரும்பாலும் ஓடும். 00 அல்லது எஃப்எஃப் வந்தால் ஒயரோ சால்டரோதான், நிரலைத் தொட வேண்டாம். இந்த ஒரு வரியைப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதிக் கூட்டம் என் மேசைக்கு வராது.

அடுத்தது எஸ்டிஏ. அந்த போர்டில் ஒரு பின்னுக்கு அப்படிப் பெயர் அச்சடித்திருக்கிறார்கள். சிப்புக்கு எஸ்பிஐ, ஐ2சி, யுஏஆர்டி என்று மூன்று வழியிலும் பேசத் தெரியும் என்பதால், ஐ2சியின் தரவு ஒயரை வைத்து வந்த பெயர் அது. நாம் பயன்படுத்துவது எஸ்பிஐ. அதில் அந்தப் பின்னின் வேலை, இந்தச் சிப்போடுதான் பேசுகிறோம் என்று தெரிவிப்பது மட்டுமே. ஊனோவில் அது 10-ஆம் பின்னுக்குப் போக வேண்டும். பிள்ளைகளோ எல்சிடியின் பின்னால் உள்ள ஐ2சி போர்டிலும் எஸ்டிஏ என்று எழுதியிருப்பதைப் பார்த்து இரண்டையும் சேர்த்து, ஊனோவின் ஐ2சி பின்னான ஏ4-இல் கட்டிவிடுவார்கள். எல்சிடியும் வேலை செய்யாது, ரீடரும் வேலை செய்யாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அச்சடித்தவரைத்தான் சொல்ல வேண்டும்.

மின்னழுத்தத்துக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சிப்புக்கு 3.3 வோல்ட்தான், 3.6-க்கு மேல் கொடுக்கக் கூடாது. ஊனோ 5 வோல்ட் ஆள். சப்ளையை 3.3 பின்னிலிருந்து எடுத்துவிட்டாலும் சிக்னல் ஒயர்களில் 5 வோல்ட் போய்க்கொண்டுதான் இருக்கும். பெரும்பாலான போர்டுகள் அதைப் பொறுத்துக்கொள்கின்றன, இணையத்தில் காட்டும் இணைப்புப் படங்களும் அப்படியே. ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, தாங்கும்படி வடிவமைத்திருப்பது வேறு. ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டுப் பிரித்தால் 5 வோல்ட் 3.3-க்கு இறங்கிவிடும். அதற்குச் சோம்பல் என்றால் 3.3 வோல்ட்டிலேயே ஓடும் இஎஸ்பி32 கன்ட்ரோலர் போர்டை எடுங்கள் என்பேன்.

சரி, எண் வந்துவிட்டது. வெள்ளை அட்டையைக் காட்டினால் நான்கு பைட் எண் வரிசையாக விழுகிறது. அப்புறம் அவர்கள் செய்யும் முதல் காரியம், பையில் இருக்கும் அட்டைகளை எல்லாம் எடுத்துக் காட்டுவது. எனக்குப் பிடித்த கட்டம் இது. தட்டினால் பணம் போகும் வங்கி அட்டைகளில் பலவற்றுக்கு எண் வரும். யாராவது ஒருவருடைய பழைய விடுதி அட்டைக்கு வராது, ஏனென்றால் அது 125 கிலோஹெர்ட்ஸ் வகை. அதைப் படிக்க நம் ஊர் லேப்களில் நெடுநாளாக இருக்கும் இஎம்-18 ரீடர் வேண்டும். ஆர்சி522 கேட்பது 13.56 மெகாஹெர்ட்ஸில். ஒருமுறை ஒரு பையன் அப்பாவின் காருக்கு வந்திருந்த ஃபாஸ்டேக்கை ஒட்டுவதற்கு முன்பே கொண்டுவந்து காட்டிப் பார்த்தான். அது 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சுங்கச் சாவடியில் சில மீட்டர் தூரத்திலிருந்தே படிப்பார்கள், இங்கே ரீடர் மேலேயே வைத்தாலும் அசையாது.

இன்னொரு குழு, அட்டை எதற்கு, எல்லாரிடமும் போன் இருக்கிறதே என்று, அட்டையைப் போலவே ரீடருக்கு எண் சொல்லும் என்எஃப்சி வசதி உள்ள போனையே வருகைப் பதிவுக்குப் பதிவு செய்தார்கள். மறுமுறை காட்டினால் அதே போன் புது ஆளாக வந்தது. பல போன்கள் 08 என்று தொடங்கும் எண் ஒன்றை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிக் கொடுக்கும். உரிமையாளரைப் பின்தொடர முடியாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. "இதில் பிழை எங்கே சார்?" என்று கேட்டார்கள். பிழையே இல்லை, அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றேன். அவர்களுக்கு அது ஆறுதலாக இல்லை.

பிரெட்போர்டிலிருந்து கதவுக்குப் போகும்போது வேறு வகைத் தொல்லை. அழகாக இருக்கட்டும் என்று இரும்புப் பெட்டிக்குள் ரீடரைப் பொருத்துவார்கள். போர்டின் ஓரமாகச் சுற்றி ஓடும் செப்புக் கோடுதான் ஆன்டெனா. அதன் பின்னால் இரும்புத் தகடு ஒட்டினாற்போல் இருந்தால், காந்தப்புலம் தகட்டில் சுழல் மின்னோட்டமாகத் தீர்ந்துபோகும். மூன்று சென்டிமீட்டரில் படித்த ரீடர், அட்டையை மேலேயே அழுத்தி வைத்தாலும் படிக்காது. அக்ரிலிக்கோ மரமோ போதும். இரும்பு தவிர்க்க முடியாது என்றால் இடையில், காந்தப்புலத்தைத் தகட்டுக்குப் போகவிடாத ஃபெரைட் ஷீட் வைக்க வேண்டும்.

பூட்டு அதைவிட மோசம். மின்சுருளால் இயங்கும் 12 வோல்ட் சாலினாய்டு பூட்டு ஒவ்வொரு முறை விடும்போதும் அதன் சுருளிலிருந்து ஒரு மின்னழுத்த உதை கிளம்பும். சுருளுக்குக் குறுக்கே 4007 டையோடு போடாவிட்டால் அந்த உதை ரீடர் வரைக்கும் போகும். கதவு திறக்கும், அடுத்த அட்டைக்கு ரீடர் ஊமையாகிவிடும். ரீசெட் பொத்தானை அமுக்கினால் உயிர் வரும். டெமோவில் ஒரே முறை காட்டுவதால் இது வெளியே தெரியாது. ஆகவே ரிவ்யூவுக்கு முன் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பூட்டோடு ஓட விடச் சொல்கிறேன். அப்புறம், படித்து முடித்த அட்டையை நிறுத்திவைக்கும் கட்டளையை விட்டுவிடுவார்கள். அட்டையை நகர்த்தாமல் பிடித்தால் ஒரே ஆளுக்குப் பத்து வருகை விழும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் நான் கேட்க விரும்பும் கேள்விக்கு வருகிறேன். அந்த எண்ணை வைத்துக் கதவைத் திறக்கலாமா?

அந்த எண் ரகசியம் இல்லை. எந்தச் சாவியும் கேட்காமல் யார் ரீடருக்கும் அட்டை அதைச் சொல்லும். எண்ணை மாற்றி எழுதக்கூடிய வெற்று அட்டைகளும் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. "அப்படியென்றால் உள்ளே இருக்கும் நினைவகத்தில் எழுதிவிடலாமே சார்" என்பார்கள். போர்டோடு வரும் மைஃபேர் கிளாசிக் அட்டையில் 16 செக்டார், ஒவ்வொன்றிலும் நான்கு பிளாக், பிளாக்குக்கு 16 பைட், மொத்தம் 1024 பைட். செக்டாருக்குக் கடவுச்சொல் போன்ற சாவி உண்டு. முதல் சிக்கல், புது அட்டையில் எல்லாச் சாவியும் எஃப்எஃப் மயம், யாரும் மாற்றுவதில்லை. இரண்டாவது, மாற்றினாலும் பெரிய பயனில்லை. இந்த அட்டையின் கிரிப்டோ1 குறியாக்கத்தை 2007 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளாட்ஸ் இருவரும் சிப்பைச் செதுக்கிப் படம் எடுத்தே அவிழ்த்துக் காட்டினார்கள். 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழு விவரத்தையும் வெளியிட முற்பட்டபோது, சிப்பைத் தயாரிக்கும் என்எக்ஸ்பி நீதிமன்றம் போனது. ஆய்வை வெளியிடத் தடை இல்லை என்று தீர்ப்பு வந்தது. இந்தக் கதையைச் சொன்னால் மட்டும் வகுப்பில் எல்லாரும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

என் கருத்து இதுதான். ஆர்சி522 வருகைப் பதிவுக்கும் லேப் கருவி எடுத்துக் கொடுக்கும் கணக்குக்கும் தாராளமாகப் போதும். அங்கேயும், வந்தது அட்டை என்றுதான் அதற்குத் தெரியும். நண்பனின் அட்டையையும் சேர்த்துத் தட்டுகிறவனை அது பிடிக்காது. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். கதவுக்கு, அதுவும் பணமோ மருந்தோ இருக்கும் அறைக்கு, இதைப் பரிந்துரைக்க மாட்டேன். புராஜெக்ட் அறிக்கையில் 'அதிபாதுகாப்பான' என்ற சொல்லைப் பார்த்தால் அடித்துவிடச் சொல்கிறேன்.

இப்போது ஒரு குழு, ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் வகை அட்டை வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. அதற்கு இந்த லைப்ரரி போதாது, ரீடரோடு அட்டை நடத்தும் சவால்-பதில் சரிபார்ப்பு முழுவதையும் அவர்களே எழுத வேண்டியிருக்கும். அட்டை ஒன்று மட்டும் வாங்கிப் பாருங்கள், ஏப்ரலுக்குள் அது அடங்கவில்லையென்றால் பூட்டைக் கழற்றிவிட்டு வருகைப் பதிவாகவே காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பின்களை இன்னும் சால்டர் செய்யவில்லை.