அட்டை பார்த்து வாங்கியவர்கள்

அட்டைப்படம் மோசமாக இருந்தால் பாட்டு விற்காது என்று சொல்வார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் கேசட் கடையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் அதைப் பாதிதான் ஒத்துக்கொள்வேன். வாங்குகிறவர் காதை நம்பி வாங்குகிறாரா, கண்ணை நம்பி வாங்குகிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் முதலாளிக்கு இரண்டு கடைகள். ஒன்று கீழக்கரையில், இன்னொன்று ராமேஸ்வரத்தில் கோயில் பக்கம். ஆள் இல்லாத கடைக்கு என்னை அனுப்புவார். மதுரையிலிருந்து வந்த சரக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். விற்ற விதம்தான் வேறு.

கீழக்கரையில் வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். "காக்கா, இப்ப ஓடுதே, அது என்ன கேசட்?" என்று கேட்டபடிதான் பாதிப் பேர் உள்ளே வருவார்கள் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்). எடுத்துக் கொடுத்தால் அட்டையைத் திருப்பி, பாட்டு வரிசையில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். முன்பக்கம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. எத்தனையோ அட்டைகளில் பச்சைப் பின்னணியில் தர்காவின் மினாராவைக் கத்தரித்து ஒட்டியிருப்பார்கள், பாடகரின் தலை வானத்தில் தனியாக மிதக்கும். அச்சில் கலர் விலகி ஒரே ஆளுக்கு இரண்டு மூக்கு தெரியும். அப்படியும் விற்றது. நாகூர் ஹனிபா கேசட்டை அட்டையே இல்லாமல் கொடுத்திருந்தாலும் வாங்கிப் போயிருப்பார்கள்.

அட்டையே இல்லாமல் விற்றதும் உண்டு. துபாய்க்கும் சவூதிக்கும் கிளம்புகிறவர்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். அவற்றை டிடிகே 90 என்ற தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட்டில் பதிந்து, கோடு போட்ட சீட்டில் பேனாவால் வரிசையாக எழுதிக் கொடுப்போம். கடையில் நல்ல லாபம் அதில்தான். படகில் போகிற பையன்களோ, டப்பாவையும் அட்டையையும் கடையிலேயே போட்டுவிட்டு கேசட்டை மட்டும் பாலிதீன் பையில் சுருட்டிக்கொள்வார்கள்.

ராமேஸ்வரத்தில் கதை தலைகீழ். வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஓடும் பாட்டுகள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் காதில் தெளிவாக விழாது. படம்தான் பேச வேண்டும். ராமர் லிங்கத்துக்குப் பூஜை செய்யும் படம் என்றால் கை தானாக நீளும், பின்னணி எவ்வளவு பளபளவென்று கண்ணைக் குத்தினாலும் சரி. ஒருமுறை உண்மையிலேயே அழகான அட்டையோடு ஒரு பக்திக் கேசட் வந்தது. வெளிர் நிறத்தில் நல்ல எழுத்து, ஓரத்தில் சின்னதாக ஒரு கோலம். முதலாளி எடுத்துப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கேடா, சாமி எங்கே?" என்றார். அவர் சந்தேகப்பட்டபடியே அது விற்காமல் கிடந்தது. படித்தவர் மெச்சுகிற அட்டையும் யாத்ரீகர் எடுக்கிற அட்டையும் ஒன்றல்ல.

அங்கே எங்களுக்கு உண்மையான எதிரி வெயில். கிழக்குப் பார்த்த கண்ணாடி அலமாரி. அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நிற்கும். சில மாதத்தில் அலமாரியில் இருந்த எல்லாத் தெய்வங்களும் நீலமாகிவிட்டன. ராமரும் கிருஷ்ணரும் தப்பித்தார்கள், அனுமார்தான் பாவம். உள்ளே ஒலிநாடா புத்தம் புதிதாக இருந்தாலும் 'பழைய மால்' என்று நினைத்து யாரும் தொடவில்லை. அப்புறம் அட்டைகளை உருவி நிழல் பக்கத்து அலமாரிக்கு மாற்றினோம். மோசமான ஓவியத்தைவிட வெளுத்துப்போன அட்டைதான் எங்களுக்கு அதிக நஷ்டம் வைத்தது.

அட்டையின் சரித்திரத்தைப் பின்னால்தான் படித்தேன். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியின் இசைத்தட்டுத் தொகுப்புகள் மொட்டைத் தாள் அட்டையில் விற்றுக்கொண்டிருந்தன. 1940-இல் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அதில் படம் வரைய ஆரம்பித்தார். அட்டை மாறியதும் பீத்தோவன் சிம்பொனி ஒன்றின் விற்பனை 895 சதவீதம் கூடியதாக நியூஸ்வீக் பத்திரிகை எழுதியது. உள்ளே அதே பதிவுதான். எங்கள் ராமேஸ்வரம் கடைக்கு இது பொருந்தும். கீழக்கரைக்குப் பொருந்துவது இன்னொரு கதை. 1966-இல் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலப் பாட்டுக் குழுவினர் கசாப்புக்காரர் அங்கியில், இறைச்சித் துண்டுகளும் உடைந்த பொம்மைகளுமாக உட்கார்ந்திருக்கும் அட்டையோடு ஒரு ஆல்பம் வந்தது. வியாபாரிகள் கூச்சல் போட, அதை வெளியிட்ட கேபிடல் கம்பெனி திரும்ப வாங்கி மேலே வேறு படத்தை ஒட்டி அனுப்பியது. ஆல்பம் எப்படியும் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. 1970-இல் பிங்க் ஃபிளாய்ட் குழுவோ முன்பக்கத்தில் பெயர்கூடப் போடாமல் ஒரு பசுமாட்டை மட்டும் போட்டார்கள். பிரிட்டனில் அதுவும் முதலிடம். எங்கள் முதலாளி கையில் கிடைத்திருந்தால் கோமாதா பஜனை வரிசையில் அடுக்கியிருப்பார், நன்றாகவும் போயிருக்கும்.

இந்தப் படங்களெல்லாம் 12 அங்குல இசைத்தட்டின் அட்டைக்காகப் போட்டவை. எங்களுக்கு வந்ததோ உள்ளங்கை அகலச் சீட்டு. அதிலும் ஒரு பக்கம் ஒரு சினிமாவின் பாட்டு, மறுபக்கம் இன்னொரு சினிமாவின் பாட்டு என்று வந்த சினிமா கேசட்டுகளில் இரண்டு கதாநாயகர்களும் அந்தச் சீட்டையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ரஜினி தலை சின்னது, கமல் தலை பெரியது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சண்டை போட்டுவிட்டு வாங்கித்தான் போனார்கள்.

எம்பி3 சிடி வந்ததும் அட்டை இன்னும் மோசமானது. ஒரே அட்டையில் பத்துத் தலைகள், நடுவில் மஞ்சள் கொட்டை எழுத்தில் '150 பாடல்கள்'. இரண்டு ஊரிலும் ஒரே கேள்விதான்: "இதுல எத்தனை பாட்டு இருக்கு?" எண் பெரிதாகத் தெரிந்த அட்டையை முன்னால் வைத்தோம். அது முதலில் தீர்ந்தது.