ரூபியில் கோப்பைத் தேடுமுன் கேட்க வேண்டியது: எங்கிருந்து?

ரூபி என்ற நிரல்மொழிக்காக ரூபி அசோசியேஷன் நடத்தும் சில்வர் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது ஸ்ட்ரிங், அர்ரே, ஹேஷ் மூன்றுக்கும்தான் என் நேரமெல்லாம் போனது. 50 கேள்விகள், 90 நிமிடங்கள், தேர்ச்சிக்கு 75 மதிப்பெண். கோப்புகளையும் ஃபோல்டர்களையும் கையாளும் ஃபைல், டிர் இரண்டும் பாடத்திட்டத்தில் இருப்பது தெரியும். பத்துப் பதினைந்து மெத்தட்தானே, கடைசி வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தபோது நான் விட்ட மதிப்பெண்ணில் பெரும்பகுதி அங்கேதான் போயிருந்தது. பெயர்கள் எல்லாம் தெரிந்திருந்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

அதே நாட்களில் வேலையிலும் இதே இடத்தில் அடி விழுந்தது. ஒரு ஃபோல்டரில் சேரும் சிஎஸ்வி கோப்புகளை எண்ணி, தினமும் இரவு அறிக்கை அனுப்பும் சின்ன நிரல் எழுதியிருந்தேன். கையால் ஓட்டினால் சரியாக வேலை செய்தது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் மூன்று நாளும் "0 கோப்புகள்" என்று அறிக்கை போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நான் எழுதியிருந்தது டிர்.குளோப்("டேட்டா/*.சிஎஸ்வி"). பெயர் வடிவத்துக்குப் பொருந்தும் கோப்புகளைத் தேடித் தரும் குளோப், இதை நடப்பு ஃபோல்டரிலிருந்து, அதாவது டிர்.பிடபிள்யூடி காட்டும் இடத்திலிருந்துதான் தேடும். கிரான் நிரலைப் பயனரின் ஹோம் ஃபோல்டரிலிருந்து தொடங்குகிறது. அங்கே டேட்டா என்ற ஃபோல்டரே கிடையாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் குளோப் சத்தமில்லாமல் காலி அர்ரேயைத் தந்துவிடும். ஒரு ஃபோல்டரில் இருப்பவற்றைப் பட்டியலிடும் டிர்.என்ட்ரீஸ் அப்படியில்லை, ஃபோல்டர் இல்லையென்றால் உடனே பிழை எழுப்பும். இந்த வேறுபாடு தேர்வுக்கும் உதவும், வேலைக்கும் உதவும்.

அதற்கப்புறம் என் நோட்டில் மெத்தட் பட்டியலைக் கிழித்துவிட்டு, மூன்று இடங்களை மட்டும் எழுதி வைத்தேன். ஒன்று, நிரலை ஓட்டும்போது நாம் நிற்கும் ஃபோல்டர். இரண்டு, இந்த வரி எழுதப்பட்டிருக்கும் கோப்பு இருக்கிற ஃபோல்டர், ரூபி 2.0 முதல் இதை __டிர்__ என்று கேட்கலாம். மூன்று, ஏற்ற வேண்டிய கோப்புகளை ரூபி தேடும் லோட் பாத் என்ற ஃபோல்டர் பட்டியல். எந்த மெத்தட் வந்தாலும், இந்த மூன்றில் எதிலிருந்து தேடுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.

வேறொரு கோப்பிலுள்ள நிரலை ஏற்றும் மெத்தட்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ரிக்வயர் லோட் பாத்தில் தேடும். ரிக்வயர்_ரிலேட்டிவ், தன்னை அழைத்த கோப்பின் இடத்திலிருந்து தேடும். லோட் முதலில் லோட் பாத்தைப் பார்க்கும், அங்கே இல்லையென்றால் நடப்பு ஃபோல்டரையும் பார்க்கும். பழைய புத்தகங்களில் பக்கத்துக் கோப்பை வெறும் ரிக்வயரில் ஏற்றுகிற உதாரணங்கள் இருக்கும். அவை இன்று ஓடாது. 2010இல் வந்த 1.9.2 பதிப்பில், லோட் பாத்திலிருந்து நடப்பு ஃபோல்டரை எடுத்துவிட்டார்கள். யாரோ ஒருவருடைய ஃபோல்டரில் நின்று நிரலை ஓட்டினால், அவர் வைத்த கோப்பு நம் நிரலுக்குள் ஏறிவிடக்கூடும் என்பதுதான் காரணம். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் என் கணினியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிக்வயர் ஒரே கோப்பை ஒருமுறைதான் ஏற்றும். முதல்முறை ட்ரூ, அடுத்த முறை ஃபால்ஸ். கோப்பே இல்லையென்றால் ஃபால்ஸ் வராது, லோட் எரர் வரும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. லோட் எரர் என்பது ஸ்கிரிப்ட் எரர் வகையைச் சேர்ந்தது, ஸ்டாண்டர்ட் எரர் வகை அல்ல. பிழையைப் பிடிக்க எழுதும் ரெஸ்க்யூவில் பிழையின் பெயர் எதையும் குறிப்பிடாவிட்டால் அது ஸ்டாண்டர்ட் எரர் வகையை மட்டும்தான் பிடிக்கும், ஆகவே இதைப் பிடிக்காது. இதை மட்டும், ரூபி வரிகளைத் தட்டி உடனே விடை பார்க்கும் ஐஆர்பியில் உங்கள் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். படித்தால் மறக்கும், பார்த்தால் மறக்காது. லோட் அழைக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பை மறுபடி ஓட்டும், கோப்பின் பெயரை .ஆர்பி என்ற நீட்டிப்போடு முழுதாகக் கேட்கும்.

பட்டியல் எடுப்பதில் மூன்று மெத்தட்கள் ஒன்றோடொன்று குழம்பும். டிர்.என்ட்ரீஸ் எல்லாவற்றையும் தரும், அதே ஃபோல்டரைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளி உட்பட. 2.5இல் வந்த டிர்.சில்ட்ரன் அந்த இரண்டை மட்டும் விட்டுவிடும், பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளை விடாது. டிர்.குளோப்("*") புள்ளியில் தொடங்கும் எதையும் தராது. ஒரு ஃபோல்டரில் .என்வ் என்ற கோப்பை வைத்து மூன்றையும் ஓட்டினால் ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். உள் ஃபோல்டர்களுக்குள்ளும் இறங்க வேண்டுமென்றால் "**/*.ஆர்பி" என்று கொடுக்க வேண்டும்.

அந்த அறிக்கை நிரலைச் சரிசெய்யும்போது, எந்த ஃபோல்டரிலிருந்து தேட வேண்டும் என்று குளோப்புக்குச் சொல்லும் பேஸ் என்ற விருப்பத்தில் __டிர்__ கொடுத்தேன். கோப்புகள் கிடைத்தன, ஆனால் திறக்க முடியவில்லை. பேஸ் கொடுத்தால் குளோப் தரும் பாதைகளில் அந்த பேஸ் இருக்காது. திறக்குமுன் ஃபைல்.ஜாயின் போட்டு நாமே சேர்க்க வேண்டும்.

அடுத்து வரிசை. ஒரு ஃபோல்டரிலுள்ள கோப்புகளையெல்லாம் குளோப்பில் எடுத்து, ஒவ்வொன்றாக ரிக்வயர் செய்வது பலரும் எழுதும் வழி. ரூபி 2 காலத்தில் குளோப்பின் வரிசைக்கு எந்த உறுதியும் இல்லை, கோப்பு முறைமை எப்படித் தந்ததோ அப்படியே வரும். என் மடிக்கணினியில் ஓடியது சர்வரில் நேம் எரர் (அந்தப் பெயரே தெரியாது என்ற பிழை) கொடுத்தது இதனால்தான். 2020 டிசம்பரில் வந்த 3.0 முதல் குளோப் தானாகவே வரிசைப்படுத்தித் தருகிறது. ஆனால் அது அகரவரிசைதான், எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற சார்பு வரிசை அல்ல. அக்கவுன்ட் என்ற கிளாஸ் பேஸ் என்ற கிளாஸிலிருந்து வருகிறது என்று வையுங்கள் (இந்த பேஸ், மேலே சொன்ன குளோப்பின் விருப்பம் அல்ல). அகரவரிசையில் அக்கவுன்ட் முதலில் ஏறும், பேஸ் இன்னும் பிறந்திருக்காது, நிரல் நின்றுவிடும். கோப்புப் பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அக்கவுன்ட் கோப்பின் முதல் வரியிலேயே பேஸை ரிக்வயர்_ரிலேட்டிவ் செய்துவிடுங்கள். ஒருமுறைதான் ஏறும் என்பதால் பின்னால் குளோப் மறுபடி அழைத்தாலும் கெடுதல் இல்லை.

ரூபியில் எழுதிய வலைச் சட்டகமான ரெயில்ஸில், 6ஆம் பதிப்பு முதல் ஸைட்வெர்க் என்ற நூலகம் இந்த ஏற்றும் வேலையைக் கோப்புப் பெயரையும் கிளாஸ் பெயரையும் பொருத்தித் தானே செய்துகொள்கிறது. ரெயில்ஸில் மட்டும் பழகியவர்களுக்கு ரிக்வயரே புதிதாகத் தெரிவது அதனால்தான். அப்படிப்பட்டவர்கள் ரெயில்ஸ் இல்லாமல் ஒரு சின்ன நிரலை மூன்று ஃபோல்டர்களாகப் பிரித்து எழுதுங்கள். அப்புறம் அதை மேல் ஃபோல்டரிலிருந்து ஒருமுறை, உள் ஃபோல்டரிலிருந்து ஒருமுறை, சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் டிர்.பிடபிள்யூடி, __டிர்__, லோட் பாத் மூன்றையும் அச்சிட்டு, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் இப்படி ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். அடுத்த மாதிரித் தேர்வில் இந்தப் பகுதியில் ஒரு கேள்விதான் தவறியது. கோப்பின் நீட்டிப்பைத் தரும் ஃபைல்.எக்ஸ்ட்நேமுக்கு .பாஷ்ஆர்சி என்ற பெயரைக் கொடுத்தால் காலி ஸ்ட்ரிங்தான் வரும் என்பது அதுவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.